தினசரி காலண்டருக்குள் ஓடும் கணக்கு

தினசரி காலண்டர் தாளில் மூன்று நேரங்கள் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கும்: ராகு காலம், எமகண்டம், குளிகை. மூன்றும் ஒன்றரை மணி நேரம்தான். மூன்றும் கிழமைக்குக் கிழமை மாறும். ஆனால் ராகு காலத்துக்கு மட்டும் ஊரறிந்த வாக்கியம் ஒன்று இருக்கிறது: 'திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா?' ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை. திங்கள் 7.30, சனி 9, வெள்ளி 10.30, புதன் 12, வியாழன் 1.30, செவ்வாய் 3, ஞாயிறு 4.30 என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். எமகண்டத்துக்கும் குளிகைக்கும் இந்த அளவுக்குப் பிரபலமான வாக்கியம் கிடையாது. அவற்றை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை, அதனால்தான் என்று சொல்லலாம். அதுவும் ஒரு காரணமாக இருக்கும். ஆனால் கணக்கைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: அவற்றுக்கு வாக்கியமே தேவையில்லை.

இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு பேச்சு. அதை அவரவர் வீட்டுப் பெரியவர்களோடு வைத்துக்கொள்ளலாம். இங்கே பார்ப்பது தாளில் உள்ள ஒழுங்கை மட்டும். தினமும் கிழித்துப் போடுகிற அந்தத் துண்டுத் தாளில் வானத்திலிருந்து வந்த ஒழுங்கும் இருக்கிறது, மனிதர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஒழுங்கும் இருக்கிறது, ஒழுங்கே இல்லாத பட்டியலும் இருக்கிறது. எது எந்த வகை என்று தெரிந்துவிட்டால், எதை மனப்பாடம் செய்ய வேண்டும், எதைக் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்பதும் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைக்கு யாரும் சொல்லித்தராத பாடம் பெரும்பாலும் இதுதான் என்பது என் எண்ணம்.

குளிகைக்கு ஏன் வாக்கியம் வேண்டாம்

காலை 6 முதல் மாலை 6 வரை பகல் என்று வைத்துக்கொண்டு எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒன்றரை மணி. ஞாயிற்றுக்கிழமை குளிகை 7ஆம் பங்கில் வரும், அதாவது மாலை 3 முதல் 4.30 வரை. திங்களன்று 6ஆம் பங்கு. செவ்வாயன்று 5. புதனுக்கு 4, வியாழனுக்கு 3, வெள்ளிக்கு 2, சனிக்கிழமை காலை 6 மணிக்கே, முதல் பங்கு. நாளுக்கு ஒரு பங்கு பின்னுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

எமகண்டமும் அப்படியே. ஞாயிறு 5ஆம் பங்கு, அதாவது பகல் 12 மணி. திங்கள் 4, செவ்வாய் 3, புதன் 2, வியாழன் 1. அப்புறம்? பூஜ்யம் என்று ஒரு பங்கு கிடையாதே. சுற்றி வந்து வெள்ளிக்கு 7, சனிக்கு 6. மறுபடி ஞாயிறு 5.

இந்தச் சறுக்கலுக்குக் காரணமும் எளிது. பகலின் முதல் பங்கு அந்தக் கிழமைக்குரிய கிரகத்துக்கு. அடுத்தடுத்த பங்குகள் கிழமை வரிசையிலேயே அடுத்தடுத்த கிரகங்களுக்கு. ஏழு பேருக்கு ஏழு பங்கு போக, எட்டாவதுக்கு அதிபதி இல்லை. இதில் சனியின் பங்குதான் குளிகை, வியாழனின் பங்குதான் எமகண்டம். ஞாயிறன்று சூரியனில் தொடங்கி எண்ணினால் சனி ஏழாவதாக வருவார், வியாழன் ஐந்தாவதாக வருவார். திங்களன்று சந்திரனில் தொடங்குவதால் இருவருக்கும் ஒரு இடம் முன்பே முறை வந்துவிடுகிறது. இது தெரிந்தால் பதினான்கு நேரங்களை நினைவில் வைக்க வேண்டியதில்லை. இந்த ஒரு விதி போதும்.

ராகு காலத்தில் இது செல்லாது. ஏழு பேர் வரிசையில் ராகுவுக்கு இடம் இல்லை. ஞாயிறு முதல் சனி வரை ராகு காலப் பங்குகளை எழுதிப் பார்த்தால் 8, 2, 7, 5, 6, 4, 3 என்று வருகிறது. முதல் பங்கில் ராகு வருவதே இல்லை என்பதைத் தவிர, கூட்டல் கழித்தலில் எளிதாக அடங்குகிற ஒன்றும் இதில் கண்ணுக்குப் படவில்லை. இப்படி விதி கிடைக்காத இடத்தில்தான் வாக்கியம் உதவிக்கு வருகிறது. அந்த வாக்கியத்தைக் கட்டியவர் யாரோ, கெட்டிக்காரர். ஞாயிறு, திங்கள் என்று கிழமை வரிசையில் போயிருந்தால் ஏழு நேரங்களையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருந்திருக்கும். அவர் நேர வரிசையில் போனார். 7.30இல் தொடங்கு, சொல்லுக்கு ஒன்றரை மணி கூட்டு. கிழமைகள் தாறுமாறாகத்தான் வரும், ஆனால் அந்தத் தாறுமாறை ஏழு எழுத்துகள் பார்த்துக்கொள்ளும். நினைவில் வைக்க வேண்டிய சுமை பாதியாகக் குறைந்துவிட்டது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். 6 மணிக்கு விடிந்து 6 மணிக்கு இருட்டுவது என்பது காலண்டருக்காக வைத்துக்கொண்ட வசதி. சென்னையிலேயே ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வித்தியாசம் உண்டு. நிஜமான சூரிய உதயத்தை வைத்துப் பிரித்தால் பங்கின் நீளமே மாறும்.

கிழமைகளின் வரிசை

மேலே சொன்னதெல்லாம் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்ற வரிசையை நம்பி நிற்கிறது. அந்த வரிசை எங்கிருந்து வந்தது? வானத்தை எத்தனை இரவு பார்த்தாலும் அது கிடைக்காது. அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த அடுக்கு வேறு. பூமியை நடுவில் வைத்து, மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை பழைய கிரேக்க வானியலார் அடுக்கினார்கள்: ஒரு சுற்றுக்குச் சுமார் 29.5 ஆண்டு எடுக்கும் சனி, சுமார் 12 ஆண்டு எடுக்கும் வியாழன், ஏறக்குறைய 2 ஆண்டு எடுக்கும் செவ்வாய், ஓராண்டு எடுக்கும் சூரியன், அதை ஒட்டியே திரியும் சுக்கிரன், புதன், கடைசியாக 27.3 நாளில் சுற்றிவிடும் சந்திரன்.

பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கு இந்த அடுக்கு ஓரை அட்டவணையாகத் தெரியும். ஞாயிறு விடிந்ததும் முதல் மணி சூரிய ஓரை, அடுத்து சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய், மறுபடி சூரியன். இப்படி 24 மணிக்கும் ஓடும். எந்த நாளின் முதல் மணி யாருக்கோ, அந்த நாளுக்கு அவர் பெயர்.

இப்போது ஒரு வகுத்தல். 24ஐ 7ஆல் வகுத்தால் மீதி 3. அதாவது ஏழு பேரும் மூன்று முழுச் சுற்று முடித்து, இன்னும் மூன்று மணி ஓடிய பிறகு மறுநாள் விடிகிறது. அதனால் மறுநாளின் முதல் மணி மூன்று இடம் தள்ளி விழும். சூரியனிலிருந்து சுக்கிரன், புதன், சந்திரன் என்று மூன்று எண்ணினால் திங்கள். சந்திரனுக்குப் பிறகு சனி, குரு, செவ்வாய் என்று எண்ணினால் செவ்வாய். செவ்வாயிலிருந்து மூன்று தள்ளினால் புதன், அங்கிருந்து மூன்று தள்ளினால் வியாழன், அப்புறம் வெள்ளி, அப்புறம் சனி. மனப்பாடமாகச் சொல்லிவந்த ஒரு பட்டியல் வகுத்தல் மீதியாகக் கண்முன் வந்து நிற்கும்.

இதே கணக்கை நம் பழைய நாழிகையில் போட்டுப் பாருங்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை. நாழிகைக்கு ஒரு அதிபதி என்று வைத்தால், 60ஐ 7ஆல் வகுக்க மீதி 4. நான்கு நான்காகத் தள்ளினால் சனி, வெள்ளி, வியாழன், புதன், செவ்வாய், திங்கள், ஞாயிறு என்று வாரம் அப்படியே தலைகீழாக ஓடும்! ஏழு பேர் வட்டத்தில் நான்கு முன்னே போவதும் மூன்று பின்னே போவதும் ஒன்றுதான். வாரம் 24 மணிக் கணக்கு வழங்கிய இடத்தில் பிறந்தது என்பதற்கு இது வரிசைக்குள்ளேயே இருக்கிற சாட்சி.

ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ, 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்த மணிக்கணக்கு விளக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். இந்தியாவில் கிழமை குறித்த பழைய கல்வெட்டு என்று வழக்கமாகக் காட்டப்படுவது மத்தியப் பிரதேசத்தின் ஏரணில் உள்ள புதகுப்தர் காலத்துத் தூண் கல்வெட்டு. ஆண்டு கி.பி. 484, கிழமை வியாழன். தமிழில் 7ஆம் நூற்றாண்டுச் சம்பந்தரின் கோளறு பதிகம் முதல் பாட்டிலேயே ஞாயிறு முதல் சனி வரை இன்றைய வரிசையில் அடுக்கிவிட்டு, ராகுவையும் கேதுவையும் 'பாம்பு இரண்டும்' என்று கடைசியில் சேர்த்துக்கொள்கிறது. ஏழு பேர் ஒரு வரிசை, பாம்புகள் தனி. ராகு காலம் மட்டும் விதிக்கு அடங்காமல் நிற்பதோடு இதைச் சேர்த்துப் பார்க்கலாம்.

மார்கழி ஏன் குட்டை

எந்த மாதத்துக்கு 31 நாள் என்று பார்க்க விரல் முட்டிகளை எண்ணுவது எல்லாருக்கும் தெரியும். முட்டியில் விழுந்தால் 31, பள்ளத்தில் விழுந்தால் 30, பிப்ரவரி மட்டும் விதிவிலக்கு. ஜூலையும் ஆகஸ்டும் அடுத்தடுத்து முட்டியில் விழும். ஏன் என்று கேட்டால் வானத்தில் பதில் இல்லை. ரோமாபுரியில் யார் யாரோ எடுத்த முடிவுகள் அவை. அதனால் முட்டியை எண்ணுவதே சரியான வழி. இதற்குள் உட்பொருள் தேடிப் பயனில்லை.

அதே தாளில் உள்ள தமிழ் மாதம் அப்படியல்ல. ஆனிக்கு 31 நாளோ 32 நாளோ வரும். மார்கழிக்கு 29, அல்லது 30. இதை யாரும் முடிவு செய்யவில்லை. சூரியன் ஒரு ராசிக்குள் நுழைந்து வெளியேறும் வரை ஒரு மாதம். சூரிய சித்தாந்தக் கணக்கில் ஆனி சுமார் 31.6 நாள், மார்கழி சுமார் 29.3 நாள். பன்னிரண்டு ராசியும் 30 டிகிரிதான், சமமான பங்கு. அப்படியிருந்தும் நாள் கூடிக் குறைவது பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை என்பதால். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனிலிருந்து சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஜூலை முதல் வாரத்தில் சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். அருகில் இருக்கும்போது வேகம் கூடும், தள்ளிப் போகும்போது குறையும். கெப்ளர் 1609இல் வெளியிட்ட விதி இது. பூமி வேகமாக ஓடுகிற மார்கழியில் சூரியன் தன் 30 டிகிரியைச் சீக்கிரம் கடந்துவிடுவதாக நமக்குத் தெரிகிறது. ஆனியில் நிதானம். கோலம் போடுகிற மாதம் மட்டும் சட்டென்று முடிந்துவிடுகிறதே என்று நினைப்பவர்களுக்குக் கணக்கும் துணைக்கு வரும்.

ஆக, பன்னிரண்டு ஆங்கில மாதங்களின் நீளத்தை முட்டியில் எண்ணித்தான் ஆக வேண்டும். தமிழ் மாதங்களுக்கு ஆனி பெரிது, மார்கழி சிறிது, நடுவில் படிப்படியாக ஏறும், இறங்கும் என்பது தெரிந்தால் தோராயமாக எல்லாமே கிடைத்துவிடும்.

திதியிலும் இதே சேதிதான், கொஞ்சம் வேகமாக. சந்திரன் சூரியனை விட 12 டிகிரி முந்தினால் ஒரு திதி. முப்பது திதியில் 360 டிகிரி. சந்திரனின் வேகமும் ஒரே சீராக இல்லாததால் ஒரு திதி 20 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணிக்கு மேலும் இழுக்கலாம். அதனால்தான் சில சமயம் ஒரே திதி அடுத்தடுத்த இரண்டு விடியலிலும் நிற்கிறது, சில சமயம் ஒரு திதி எந்த விடியலையும் பார்க்காமலே போய்விடுகிறது. அச்சுப் பிழை என்று நினைத்துவிட வேண்டாம்.

தாளின் மேலே போட்டிருக்கும் தமிழ் ஆண்டுப் பெயருக்கும் ஒரு வரி. வியாழனுக்குச் சுமார் 12 ஆண்டு, சனிக்குச் சுமார் 30 ஆண்டு. பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்கை எடுத்தால் 60. இருவரும் ஏறக்குறைய புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் காலம் அது. பிரபவ தொடங்கி அட்சய வரை அறுபது பெயர் சுற்றி வருவதற்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் பின்னால் இந்த மடங்கு நிற்கிறது. 12க்கும் 30க்கும் மீ.பொ.ம. காண்க என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் போகிற வகுப்பில் இதைச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நான்கு நான்கு, ஆறு ஆறு

காலண்டர் கையில் இல்லாமல் ஒரு தேதிக்குக் கிழமை சொல்ல ஒரு வழி உண்டு. எந்த ஆண்டாக இருந்தாலும் 4ஆம் மாதம் 4ஆம் தேதி, 6ஆம் மாதம் 6, 8ஆம் மாதம் 8, 10ஆம் மாதம் 10, 12ஆம் மாதம் 12 ஆகிய ஐந்தும் ஒரே கிழமையில் விழும். ஆங்கிலக் கணிதவியலாளர் ஜான் கான்வே பிரபலப்படுத்திய முறையின் ஒரு பகுதி இது. மந்திரம் ஒன்றும் இல்லை. ஏப்ரல் 4இலிருந்து ஜூன் 4 வரை 30ம் 31ம் சேர்ந்து 61 நாள். இன்னும் இரண்டு நாள் போனால் ஜூன் 6, மொத்தம் 63 நாள். சரியாக ஒன்பது வாரம். அடுத்த ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு 30, ஒரு 31, கூட இரண்டு என்றே வரும்.

1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. அப்படியானால் ஆகஸ்ட் 8ம் வெள்ளி. அந்த ஆண்டின் ஏப்ரல் 4, ஜூன் 6, அக்டோபர் 10, டிசம்பர் 12 எல்லாமே வெள்ளி. ஒரு கிழமை தெரிந்தால் ஆண்டின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். அடுத்த ஆண்டுக்குப் போக ஒரு நாள் தள்ளினால் போதும், ஏனென்றால் 365 நாள் என்பது 52 வாரமும் ஒரு நாளும். நடுவில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு நாள்.

மனப்பாடம் கூடாது, புரிந்து படிக்க வேண்டும் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஏழு கிரகங்களின் வேக அடுக்கை மனப்பாடம் செய்யாதவருக்கு மீதி 3 என்ற விளக்கத்தால் ஒரு பயனும் இல்லை. வாய்ப்பாடு தெரியாதவருக்கு 63 என்றதும் ஒன்பது வாரம் என்று பளிச்சிடாது. நினைவில் கொஞ்சம் சரக்கு இருந்தால்தான் ஒழுங்கு கண்ணில் படும்.

1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் வெளியிட்ட சதுரங்க ஆய்வு இதற்கு நல்ல சான்று. உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுவிலிருந்து எடுத்த பலகையைச் சில நொடிகள் காட்டி மறைத்துவிட்டு, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரைவிடப் பல மடங்கு சரியாக அடுக்கினார். காய்களைக் கண்டபடி வைத்துக் காட்டியபோது அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துபோனது. அவருடைய நினைவாற்றல் பொதுவாகப் பெரிது என்றால் இரண்டிலும் ஜெயித்திருக்க வேண்டும். அவர் காய்களை ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை. ஆடி ஆடிப் பழகிய அமைப்புகளாகப் பார்த்தார், அவ்வளவுதான். சிற்றெண் வாய்ப்பாடே தடுமாறும் பிள்ளைக்கு இயற்கணிதம் கண்டபடி வைத்த பலகையாகத்தான் தெரியும். அந்தப் பிள்ளையைப் பார்த்து, கவனம் போதாது என்று திட்டுவதில் அர்த்தமில்லை.

இல்லாத ஒழுங்கு

மனித மூளைக்கு ஒழுங்கைத் தேடுவதில் அலுப்பே கிடையாது. இல்லாத இடத்திலும் தேடும். 2025இல் சமூக வலைத்தளங்களில் ஒரு பதிவு சுற்றிச் சுற்றி வந்தது: 1941ஆம் ஆண்டுக் காலண்டரும் 2025ஆம் ஆண்டுக் காலண்டரும் அச்சு அசலாக ஒன்று, 1941இல் உலகப் போர் உச்சத்துக்குப் போனது, ஆகவே ஜாக்கிரதை என்கிற மாதிரி. இரண்டு காலண்டரும் ஒன்று என்பது உண்மைதான். ஜனவரி 1 இரண்டிலும் புதன்கிழமை.

ஆனால் மொத்தமே 14 காலண்டர்தான் இருக்க முடியும். ஜனவரி 1 ஏழு கிழமைகளில் ஒன்றில் விழும், ஆண்டு லீப் ஆகவோ இல்லாமலோ இருக்கும். ஏழு இரண்டு பதினான்கு. லீப் அல்லாத ஆண்டின் காலண்டர் 6, 11, 11 என்ற இடைவெளியில் திரும்ப வரும். 1941க்குப் பிறகு 1947, 1958, 1969, 1975, 1986, 1997, 2003, 2014, 2025. இதில் இந்தியா சுதந்திரம் அடைந்த ஆண்டு இருக்கிறது, மனிதன் நிலவில் இறங்கிய ஆண்டும் இருக்கிறது. பதிவு போட்டவர் இவற்றையெல்லாம் விட்டுவிட்டு 1941ஐ மட்டும் எடுத்துக்கொண்டார். 6, 11, 11 என்ற ஒழுங்கு நிஜம், அதற்குக் காரணம் சொல்ல முடியும். போர் வரும் என்ற ஒழுங்குக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

காரணம் கேட்காமல் வரிசையை மட்டும் நம்பினால் கணக்கிலேயே சறுக்கும். போட்டித் தேர்வுகளில் எண் தொடர் கேட்பார்கள். 1, 2, 4, 8, 16, அடுத்து என்ன? கை தானாக 32 என்று எழுதும். ஒரு வட்டத்தின் விளிம்பில் புள்ளி வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று கோடு போட்டு இணைத்து, வட்டம் எத்தனை துண்டாகிறது என்று எண்ணுங்கள். ஒரு புள்ளிக்கு 1 துண்டு, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறு புள்ளிக்கு, மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டாமல் பார்த்துக்கொண்டால், 31. ஒரு தாளை எடுத்து நிதானமாக எண்ணிப் பார்க்கலாம், 32ஆவது துண்டு கிடைக்காது. தேர்வில் 32 என்றே எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம். ஆனால் தொடரை எது உண்டாக்கியது என்று தெரியாதவரை அடுத்த எண்ணை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சிவகாசியில் முன்கூட்டியே தெரிவது

ஆடிப்பெருக்கு அன்றே சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும். இன்னும் நான்கைந்து மாதம் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி, மாதப் பிறப்பு, ராகு காலம் எல்லாம் கணக்கில் கிடைப்பதால் கவலையில்லை. அரசு விடுமுறைப் பட்டியல் அப்படியல்ல, அது அரசாணையைப் பொறுத்தது. ரம்ஜானும் பக்ரீத்தும் பிறை கண்ணுக்குத் தெரிவதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம். அமாவாசை எந்த நிமிடம் என்று கணக்கு சொல்லிவிடும். மறுநாள் மாலை அந்த மெல்லிய பிறை மேகத்துக்கு நடுவே தெரியுமா என்பது வேறு விஷயம்.

கணக்கில் கிடைப்பவையும் என்றென்றைக்கும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பொங்கல் ஜனவரி 14இல் வருமா 15இல் வருமா என்று சில ஆண்டுகளில் சந்தேகம் வருகிறது. நம் மாதப் பிறப்பு நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடப்படுவது. ஆங்கில ஆண்டு பருவங்களை வைத்தது. இரண்டுக்கும் ஆண்டுக்கு 20 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம். சேர்ந்து சேர்ந்து அறுபது, எழுபது ஆண்டில் ஒரு நாளாகிவிடும்.

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை லீப் என்று படித்ததும் பாதி விதிதான். அந்தப் பாதி விதியை மட்டும் பின்பற்றிய ஜூலியன் காலண்டர் பருவங்களோடு ஒட்டாமல் விலகிக்கொண்டே போனதால் 1582இல் பத்து நாட்களை ஒரேயடியாக நீக்கித் திருத்தினார்கள். நூறால் வகுபடும் ஆண்டு 400ஆலும் வகுபட்டால்தான் லீப் என்பது மீதிப் பாதி. 2000 லீப், 1900 இல்லை. கணினி உலகத்துக்கும் இதில் ஒரு தழும்பு உண்டு. எக்செல் இன்றும் 1900ஐ லீப் ஆண்டாகவே எடுத்துக்கொள்கிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் இருந்த தவறு அது. அதில் போட்ட கோப்புகள் மாறாமல் திறக்க வேண்டுமே என்று மைக்ரோசாஃப்ட் தெரிந்தே அப்படியே வைத்துக்கொண்டது. எக்செலில் 1900 பிப்ரவரி 29 என்று போட்டால் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். நிஜத்தில் அப்படி ஒரு நாள் விடியவேயில்லை.

அடுத்த இடறல் 2100இல். 2096க்குப் பிறகு எட்டு ஆண்டு கழித்து 2104தான் லீப். அந்த இடத்தில் 6, 11, 11 என்ற வரிசையும் கலைந்துவிடும். நானூறு ஆண்டை மொத்தமாக எடுத்தால் எல்லாம் மறுபடி சரியாகிவிடுகிறது: 1,46,097 நாள், மீதியில்லாமல் 20,871 வாரம். அதனால் 2000 ஜனவரி 1 எந்தக் கிழமையோ, 2400 ஜனவரி 1ம் அதே கிழமை, சனி. அன்றைக்குக் குளிகை காலை 6 முதல் 7.30 வரை.